மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்

யுத்தத்தை ஒழிக்க ராஜ்யங்கள் கூடிப் பேசிய சபைகளில் நம் தமிழ்நாட்டார் ஒருவரும் வீற்றிருந்தார் என்பதை நம்மில் அநேகர் அறியார். அவரே வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார்.

அவர் 1869-ம் ஆண்டு, கும்பகோணத்துக்கு அடுத்த வலங்கைமானில், ஏழைப் புரோகிதர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையில் தலைமை ஆசிரியராயிருந்து நற்பெயர் பெற்றார். 1907-ல் அந்த உத்தியோகத்தைத் துறந்து, கோகலே ஸ்தாபித்த இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915-ல் கோகலே காலமானபின் அதன் தலைவரானார்.

அப்போது முதல் உலக யுத்தம் லட்சக்கணக்கான உயிர்களை விழுங்கிக்கொண்டிருந்தது. ஆயுதங்களைக் குறைத்து, வழக்குகளை மத்தியஸ்தத்தால் தீர்த்துக்கொள்ளும்படி 1917-ல் பாப்பரசர் 15-ம் ஆசீர்வாதப்பர் ராஜ்யங்களை வேண்டினார், கேட்பாரில்லை. யுத்தம் ஓய்ந்தபின் 1920-ல் சர்வதேச சங்கம் தோன்றிற்று. மறு ஆண்டு சாஸ்திரியார் இந்தியப் பிரதிநிதியாக ஜெனீவா சென்றார். அவ்வாண்டே பிரிட்டிஷ் மன்னரின் பிரிவி கவுன்சில் அங்கத்தினராகி, மகாகனம் என்னும் பட்டமும் பெற்றார்.

பின்னர் வாஷிங்டன் மகாநாட்டுக்குச் சென்றார். 1922 பிப்ரவரி 6-ல் கையெழுத்தான கடற்படை உடன்படிக்கையில் இந்தியாவுக்காக ஒப்பமிட்டவர் அவரே. பெரும் போர்க்கப்பல்களில் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் 5 பங்கு, ஜப்பானுக்கு 3 பங்கு என்று அளவு வகுத்தார்கள். கட்டிக்கொண்டிருந்த கப்பல்களையும் உடைத்தார்கள். சில ஆண்டுகள் போட்டி அடங்கியது. ஆனால் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு வரம்பில்லை. 1934-ல் ஜப்பான் உடன்படிக்கையினின்று விலகுவதாக அறிவித்தது.

சங்கத்தின் கதையும் அப்படியே. 1921-ல் ஆலந்துத் தீவுகளைப் பற்றி ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் இருந்த வழக்கைத் தீர்த்தது. 1925-ல் பல்கேரியாவுக்குள் நுழைந்த கிரேக்கப் படையைத் திரும்பச் செய்தது. சிறிய நாடுகள் பணிந்தன. 1931-ல் ஜப்பான் மஞ்சூரியாவையும், 1935-ல் இத்தாலி அபிசீனியாவையும் தாக்கியபோது சங்கம் கையைப் பிசைந்து நின்றது. இத்தாலிக்குச் சில சரக்குகளை மறுத்தவர்கள், யுத்தத்துக்கு உயிரான எண்ணெயை மட்டும் மறுக்கவில்லை.

சாஸ்திரியாரின் நிலையும் சங்கடமானதே. தன் யுத்தத்தையும் சமாதானத்தையும் தானே நிச்சயிக்க உரிமையற்ற நாட்டுக்காக அவர் பேச வேண்டியிருந்தது. அரசாங்கத்தின் ஆள் என்று அவரை இகழ்ந்தோரும் உண்டு. அவர் சோர்ந்தாரில்லை. 1927-ல் தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் முதல் ஏஜெண்டாகி, அங்குள்ள நம்மவருக்காக வாதாடினார். டர்பனில் அவர் முயற்சியால் எழுந்த சாஸ்திரி கல்லூரி பல பிள்ளைகளுக்குக் கண் திறந்தது. 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்தார்.

1946 ஏப்ரல் 17-ல் அவர் காலமானார். மறுநாள் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் கடைசிக் கூட்டம் முடிவுற்று, சங்கமும் கலைந்தது. அவ்வாண்டே தென்னாப்பிரிக்க இந்தியரின் குறையை ஐக்கிய நாடுகள் சபையின் முன் இந்தியா வைத்தது. அவர் விட்ட வழக்கைப் புதிய சபை எடுத்துக்கொண்டது.

அந்தச் சபையிலும் ஐந்து வல்லரசுகளுக்குத் தடுப்புரிமை உண்டு. ஆதலால் பழைய நோய் முற்றும் தீரவில்லை. பிரியமுள்ள பங்குமக்களே, ஊர்ப் பஞ்சாயத்தில் ஏழை மட்டும் தீர்ப்புக்குப் பணிந்து, பெரியதனக்காரர் எழுந்து போய்விட்டால் அந்த ஊரில் சமாதானம் ஏது? தீர்ப்பு தமக்குப் பாதகமானபோதும் பணிகிறவர் நம் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்போமாக.