150 டாலருக்குக் கைமாறிய உருளைக்கிழங்கு: யார் இந்த லூதர் பர்பாங்க்?

அமெரிக்காவில் ஒரு பர்கர் கடைக்குப் போய் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் வாங்கினால், அது 'ரஸ்ஸெட் பர்பாங்க்' என்ற கிழங்கில் போட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். நீளமான கிழங்கு, சொரசொரப்பான தோல், பொரித்தால் மொறுமொறு. பர்பாங்க் என்பது ஊர் பேரோ, கம்பெனி பேரோ இல்லை. அது ஒரு தோட்டக்காரரின் பெயர். லூதர் பர்பாங்க். இந்தக் கிழங்குக்கு மூலமான ரகத்தை உருவாக்கி, அதன் உரிமையை அவர் விற்ற விலை 150 டாலர். யாரும் அவரை ஏமாற்றவில்லை. ஒரு செடியை உருவாக்கியவருக்கு அன்றைக்கு இருந்த ஒரே வழி, ஒருமுறை விற்றுவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான்.

1849 மார்ச் 7-ம் தேதி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லங்காஸ்டரில், பெரிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் பர்பாங்க். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோய் வந்து சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்த காலம் அது. பர்பாங்க் கல்லூரிக்குப் போகவில்லை. இருபது வயதையொட்டி அப்பா இறந்துவிட, கையில் வந்த பங்கை வைத்து லூனன்பர்க் என்ற ஊரில் 17 ஏக்கர் வாங்கிக் காய்கறி பயிரிட்டார். பயிர்களும் வளர்ப்பு விலங்குகளும் மனிதர் கையில் எப்படி மாறுகின்றன என்பதைப் பற்றி டார்வின் 1868-ல் எழுதிய புத்தகம் அவரிடம் சிக்கியது அந்தச் சமயத்தில்தான்.

23 விதைகள்

உருளைக்கிழங்கை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. முளைவிட்ட கிழங்கை வெட்டி நடுவார்கள். அப்படி நட்டால் தாய்ச் செடியின் அச்சு அசல் நகல்தான் வரும். புது ரகம் வேண்டுமென்றால், பூ பூத்து, காய் பிடித்து, அதற்குள் இருக்கும் உண்மையான விதையை எடுக்க வேண்டும். நம்ம ஊர் மாங்கொட்டை கதைதான் இது. பங்கனப்பள்ளி தின்றுவிட்டுக் கொட்டையைப் புதைத்தால், பங்கனப்பள்ளி வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் ஒட்டுக்கன்று வாங்குகிறோம். சாதாரண விவசாயிக்குத் தலைவலியான இந்தக் குணம், புது ரகம் தேடுபவருக்குப் புதையல்.

அப்போது பிரபலமாக இருந்த 'எர்லி ரோஸ்' ரகம் அபூர்வமாகத்தான் காய்க்கும். பர்பாங்க் தோட்டத்தில் ஒரே ஒரு காய் தெரிந்தது. பழுக்கட்டும் என்று காத்திருந்தார். ஒருநாள் போய்ப் பார்த்தால் காணோம், எங்கோ விழுந்துவிட்டது. தரையில் தேடித் தேடிக் கண்டுபிடித்தார். உள்ளே 23 விதைகள். 1872-ல் நட்டார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி கிழங்கு. அதில் ஒரு செடியின் கிழங்குகள் மட்டும் பெரியவை, வெள்ளை, விளைச்சலும் அமோகம்.

1875-ல் ஜேம்ஸ் கிரெகரி என்ற விதை வியாபாரி அதை வாங்கினார். பர்பாங்க் பெயரையே ரகத்துக்கு வைத்தார், பத்துக் கிழங்குகளை அவரே வைத்துக்கொள்ளவும் விட்டார். அந்தப் பத்துக் கிழங்குகளோடு பர்பாங்க் கலிஃபோர்னியாவுக்கு ரயிலேறி, சாண்டா ரோசா நகரில் குடியேறினார். பிற்பாடு இந்த ரகத்தில் இயற்கையாகவே தோல் மாறிய ஒரு கிளைதான் இன்றைய ரஸ்ஸெட் பர்பாங்க்.

பாதாமில் பிளம்

கலிஃபோர்னியாவில் முதல் சில ஆண்டுகள் பணத்துக்குத் திண்டாட்டம். பிறகு சொந்தமாக நர்சரி போட்டார். 1881-ல் வாரன் டட்டன் என்ற பணக்காரர் ஒரு விசித்திரமான ஆர்டர் கொடுத்தார். உலர்த்தி விற்கும் புரூன் என்ற பிளம் வகையில் 20,000 கன்றுகள் வேண்டும், அதுவும் அந்த ஆண்டு முடிவதற்குள். சாதாரணமாக இதற்கு இரண்டு, மூன்று வருடம் பிடிக்கும். மற்ற நர்சரிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

பர்பாங்க் பாதாம் விதைகளை வாங்கி முளைக்கப் போட்டார். பாதாமும் பிளமும் ஒரே பேரினம், பாதாம் வேகமாக முளைத்து வளரும். நாற்று கொஞ்சம் தடித்ததும் ஒவ்வொன்றிலும் புரூன் மொட்டை ஒட்டவைத்தார். மொட்டு பிடித்ததும் பாதாமின் தலையை வெட்டவில்லை. வெறுமனே ஒடித்துச் சாய்த்துவிட்டார். சாய்ந்த இலைகள் புது மொட்டுக்குத் தொடர்ந்து உணவு அனுப்பின. டிசம்பருக்குள் சுமார் 19,500 கன்றுகள் தயார். இதில் புது ரகம் எதுவும் இல்லைதான். ஆனால் மரத்தின் வேகத்தை மனிதன் கூட்ட முடியும் என்பது அவருக்குப் புரிந்த இடம் இது.

அவர் தொழிலில் வேகம்தான் எல்லாமே. விதையிலிருந்து வந்த பிளம் கன்று பழம் தர ஆண்டுகள் ஆகும். அதுவரை வாடகை, கூலி யார் கொடுப்பது? பர்பாங்க் சிறு நாற்றுகளின் குச்சிகளை வெட்டி, ஏற்கெனவே காய்க்கும் பெரிய மரத்தின் கிளைகளில் ஒட்டினார். சீக்கிரமே பழத்தைப் பார்த்துவிடலாம். ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கான வகைகள். பக்கத்து ஊரான செபாஸ்டோபோலில் பெரிய பண்ணை வாங்கி, ஆயிரக்கணக்கில் நாற்று போட்டு, நல்லதாக ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு மீதியைக் கொளுத்தினார். வாசனை, இலை, தண்டு பார்த்தே எது தேறும் என்று சொல்லிவிடும் கண் அவருக்கு இருந்தது.

1885-ல் ஜப்பானிலிருந்து பிளம் கன்றுகள் வரவழைத்துக் கலப்பு செய்யத் தொடங்கினார். 1906-ல் வந்த 'சாண்டா ரோசா' பிளம் அந்த உழைப்பின் உச்சம். பெரும்பாலான ஜப்பானியப் பிளம்களுக்கு மகரந்தம் கொடுக்க பக்கத்தில் வேறொரு ரகம் வேண்டும். சாண்டா ரோசா தனியாகவே காய்க்கும். கொல்லையில் ஒரு மரத்துக்கு மட்டும் இடம் இருக்கிற வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? கலிஃபோர்னிய வீட்டுத் தோட்டங்களில் இன்றும் அது நிற்கிறது. பூந்தோட்டக்காரர்களுக்கு 'சாஸ்டா டெய்சி'. வெள்ளை வெளேரென்ற அந்தப் பூவுக்காக நான்கு இனங்களைக் கலந்து, சுமார் 17 வருடம் செலவிட்டார். மொத்தத்தில் 800-க்கும் மேற்பட்ட ரகங்கள். பிளம் மட்டுமே நூறைத் தாண்டும்.

நோட்டுப் புத்தகம் எங்கே?

ஒவ்வொரு ரகத்துக்கும் விற்பனை ஒரே ஒரு முறைதான். வாங்கிய நர்சரிக்காரர் ஒட்டுப் போட்டுப் பெருக்கினால் பர்பாங்குக்குக் காசு கிடையாது. அதனால் அடுத்த ரகம், அதற்கு அடுத்தது என்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விளம்பரமும் வேண்டும். 1893-ல் அவர் வெளியிட்ட கேட்லாகின் தலைப்பிலேயே புதிய படைப்புகள் என்று போட்டது மதப்பற்றாளர்கள் பலரை எரிச்சலூட்டியது. பத்திரிகைகளோ அவரைத் தாவர மந்திரவாதி ஆக்கின.

1905-ல் கார்னெகி நிறுவனம் ஆண்டுக்கு 10,000 டாலர் உதவி அறிவித்தது. பதிலுக்கு அவர் செய்முறைகளை ஆவணப்படுத்த ஜார்ஜ் ஷல் என்ற இளம் விஞ்ஞானியை அனுப்பியது. ஷல் தேடியது எந்தச் செடியை எதோடு கலந்தார், எத்தனை நாற்று வந்தது என்ற கணக்கு. கிடைத்தது துண்டுக் குறிப்புகளும் பர்பாங்கின் ஞாபகமும்தான். மெண்டலின் மரபியல் விதிகள் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆன நேரம் அது. பர்பாங்கோ சூழ்நிலை உண்டாக்கும் மாற்றம் அடுத்த தலைமுறைக்கும் போகும் என்று நம்பியவர். சில ஆண்டுகளில் உதவித்தொகை நின்றுபோனது. விஞ்ஞானிகளின் புகார் நியாயமானதே. ஆனால் விற்றுவிட்ட ரகத்தின் கணக்கை எழுதிவைத்து அவருக்கு ஆகப்போவது எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பெரிய சறுக்கல் சப்பாத்திக் கள்ளியில். முள்ளில்லாத கள்ளியை 1907-ல் அறிமுகப்படுத்தி, பாலைவனமெல்லாம் மாட்டுத் தீவனம் ஆகிவிடும் என்று நம்பிக்கை கொடுத்தார். நிஜத்தில் அது நன்றாக வளரத் தண்ணீர் கேட்டது. முள் இல்லாததால் கண்ட விலங்கும் மேய்ந்துவிடாமல் இருக்க வேலியும் கேட்டது. அவர் பெயரில் மற்றவர்கள் நடத்திய விதை கம்பெனி, சாதாரணக் கள்ளியின் முள்ளைச் சுரண்டி விற்றதாகப் புகார் எழுந்து, சில ஆண்டுகளிலேயே திவாலானது. கெட்டது பர்பாங்கின் பெயர்.

இந்தியாவில் பலருக்கு அவர் பெயர் வேறு வழியில் தெரியும். பரமஹம்ச யோகானந்தர் தன் சுயசரிதையை அவருக்குத்தான் சமர்ப்பித்தார். கள்ளிச் செடியிடம் அன்பாகப் பேசி முள்ளை விடவைத்தவர் என்ற சித்திரம் அந்தப் புத்தகம் மூலம் பரவியது. கேட்க அழகாக இருந்தாலும், பண்ணையில் நடந்தது ஆயிரக்கணக்கான நாற்றுகளைப் பார்ப்பதும் கழிப்பதும்தான். 1926 ஜனவரியில் தன் மத நம்பிக்கையின்மையை அவர் பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னபோது கண்டனக் கடிதங்கள் குவிந்தன. ஏப்ரல் 11-ம் தேதி, 77 வயதில் இறந்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1930-ல், அமெரிக்க நாடாளுமன்றம் தாவரக் காப்புரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. புது ரகம் உருவாக்கியவருக்கு 17 வருட உரிமை. பர்பாங்கின் நண்பர் தாமஸ் எடிசன் ஆதரவு கொடுத்தார். உழைத்தவனுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று பர்பாங்க் எழுதிய கடிதமும் விவாதத்தில் பயன்பட்டது. அவர் மறைவுக்குப் பின் 16 காப்புரிமைகள் அவர் பெயரில் பதிவாகின.

அந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. கிழங்கு மூலம் பெருகும் தாவரங்களுக்குக் காப்புரிமை கிடையாது. தின்பதும் கிழங்கு, நடுவதும் அதே கிழங்கு என்பதுதான் காரணம். ஆக, பர்பாங்க் உயிரோடு இருந்து, 1872-ல் விதை போட்ட அந்த உருளைக்கிழங்கோடு போய் விண்ணப்பித்திருந்தாலும், திருப்பி அனுப்பியிருப்பார்கள்.