கடலில் மூழ்கிய புத்தகங்கள், மூழ்காத படிப்பு

அண்ணல் அம்பேத்கரை நாம் சட்டமேதையாகவே அறிந்திருக்கிறோம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் நிற்கும் சிலைகளின் கையில் இருப்பதும் அரசியல் சட்டப் புத்தகம்தான். ஆனால் அவர் கடல் கடந்து முதலில் படிக்கப் போனது பொருளாதாரம். வெளிநாட்டில் படிக்கும் ஆசையை மனதில் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஆவடியைப் போல ராணுவத்தால் வளர்ந்த ஊர் மோவ். அங்கே 1891 ஏப்ரல் 14 அன்று அவர் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் படித்து 1912-ல் பி.ஏ. முடித்தார். அடுத்த பிப்ரவரியில் தந்தை காலமானார். திருமணமாகி, கைக்குழந்தையும் இருந்த நிலையில் மேற்படிப்பு எட்டாக் கனியாகத் தெரிந்த நேரம் அது.

அப்போது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் உதவினார். மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகை, மூன்று ஆண்டுகளுக்கு. படிப்பு முடிந்ததும் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. 1913 ஜூனில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் எல்லோருடனும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பள்ளியில் தனிச் சாக்குத்துணியில் உட்கார வைக்கப்பட்டவருக்கு அது புதிய உலகம். நாவல் பதேனா என்ற பார்சி மாணவர் வாழ்நாள் நண்பரானார். பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள் எடுத்தார். வரலாறு, சமூகவியல், மானுடவியல், தத்துவமும் படித்தார். பொதுநிதித் துறை அறிஞர் செலிக்மனும் தத்துவ அறிஞர் ஜான் டூயியும் ஆசிரியர்கள். 1915-ல் எம்.ஏ. முடிந்தது. 1916 மே மாதம் மானுடவியல் வகுப்பில் இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை படித்தார். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வீட்டுக்கும் அனுப்பினார், பழைய புத்தகங்களும் வாங்கிக் குவித்தார்.

1916 அக்டோபரில் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். ஓராண்டுகூட ஆகவில்லை, உதவித்தொகைக் காலம் முடிந்தது, திரும்பி வா என்று பரோடா அழைத்தது. நான்கு ஆண்டுகளுக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியை மட்டும் பெற்றுக்கொண்டு 1917-ல் புறப்பட்டார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அவர் ஒரு கப்பலில் வந்தார், புத்தகங்கள் வேறு கப்பலில் வந்தன. புத்தகக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. சேர்த்ததெல்லாம் கடலுக்குள் போனது.

அதைவிடப் பெரிய அடி பரோடாவில் காத்திருந்தது. மன்னரின் ராணுவச் செயலாளர் பதவி. ஆனால் தங்க ஒரு அறை கொடுப்பார் இல்லை. வெளிநாட்டு வாழ்க்கை அவருக்குத் தீண்டாமையையே மறக்க வைத்திருந்தது, பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும் எங்கே போவது என்ற கேள்வி அதை நினைவூட்டியது. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. இரு நண்பர்களின் வீட்டுக் கதவும் திறக்கவில்லை. பூங்காவில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பம்பாய்க்கு ரயில் ஏறினார்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். கொலம்பியாவில் படித்த பொருளாதார அறிஞருக்குச் சொந்த நாட்டில் ஒரு கட்டில் கிடைக்கவில்லை. பட்டம் சாதியைத் தானாக அழித்துவிடாது. ஆனால் அவர் பட்டத்தைத் தூக்கி எறியவில்லை. மிச்சப் படிப்பை முடிக்கத்தான் வழி தேடினார்.

பம்பாயில் பங்கு வணிக ஆலோசனை நிலையம் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். 1918-ல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கும் தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது என்று சக ஆசிரியர்கள் சிலர் முறையிட்டனர். அதே ஆண்டு சிறு நிலங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். துண்டு நிலத்தை ஒட்டவைப்பதால் மட்டும் வறுமை தீராது, நிலத்தில் தேங்கிக் கிடக்கும் உழைப்பைத் தொழிற்சாலைகள் உள்வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். கிராமத்துக் கூலி வேலையை விட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வந்த நம் குடும்பங்களுக்கு இதன் பொருள் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சம்பளத்தில் சேமித்தது, கோல்ஹாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, பதேனாவிடம் வாங்கிய கடன் ஐயாயிரம் ரூபாய். இவற்றோடு 1920-ல் மீண்டும் லண்டன் போனார். ரமாபாய் அம்மையார் பம்பாயில் வறுமையோடு குடும்பத்தைத் தாங்கினார். அங்கே இவர் அரை வயிற்றோடு, நூலகம் திறக்கும்போது நுழைந்து மூடும்போது வெளியேறினார். சில அப்பளங்களே பல இரவுகளின் உணவு. 1921-ல் எம்.எஸ்சி., 1922-ல் பாரிஸ்டர்.

டி.எஸ்சி. பட்டத்துக்கு ரூபாயின் சிக்கல் பற்றி ஆய்வேடு எழுதினார். அரசு விருப்பம்போல் நாணயம் வெளியிட இடம் கொடுத்தால் விலைவாசி ஏறும், ரூபாயின் வாங்கும் சக்தி நிலையாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொன்னார்கள். கையில் காசில்லாமல் 1923-ல் ஊர் திரும்பி, இங்கிருந்தே திருத்தி அனுப்பினார். முடிவுகளை மாற்றவில்லை. அந்த ஆண்டே ஆய்வேடு ஏற்கப்பட்டது, பேராசிரியர் எட்வின் கேனன் முன்னுரையோடு நூலாகவும் வந்தது. கொலம்பியாவிலோ, அச்சிட்ட பிரதிகளை ஒப்படைத்தால்தான் முனைவர் பட்டம் என்பது அன்றைய விதி. மத்திய, மாகாண அரசுகளின் நிதிப் பங்கீடு பற்றிய அந்த ஆய்வு 1925-ல் அச்சேறியது. பட்டம் 1927-ல் கிடைத்தது. மாநிலத்தின் வரிப்பங்கு பற்றி இன்று நாம் பேசுவதற்கு நூறாண்டு முன்பே பேசிய நூல் அது.

கப்பல் ஏறியது 1913-ல், கடைசிப் பட்டம் வந்தது 1927-ல். இடையில் பதினான்கு ஆண்டுகள். உதவி நின்றது, புத்தகம் போனது, வீடு மறுக்கப்பட்டது, ஆய்வேடு திருப்பி அனுப்பப்பட்டது. ஒவ்வொரு முறையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வைசிராய் நிர்வாகக் குழுவில் இடம் பெற்றபோது, பட்டியல் சாதி மாணவர்களின் படிப்புக்கு அரசுப் பணம் ஒதுக்க வைத்தார். தான் ஏறிய ஏணியை அடுத்தவருக்காக விட்டுவைத்தவர் அவர்.

அந்த ஏணி இன்றும் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையும், அண்ணலின் பெயரிலேயே தமிழக அரசு நடத்தும் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டமும் உள்ளன. ஆவடி, பூந்தமல்லி மாணவர்கள் திருவள்ளூர் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலும், அம்பத்தூர் மாணவர்கள் சென்னை மாவட்ட அலுவலகத்திலும் விசாரிக்கலாம். எத்தனை ஆண்டுக்குப் பணம் வரும், இடையில் நின்றால் என்ன செய்வது, திரும்பி வந்து பணியாற்றும் நிபந்தனை உண்டா என்பதைக் கையெழுத்துக்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிலைக்கு மாலை போடும் நாளில் வீட்டில் ஒரு விண்ணப்பமும் நிரப்பப்பட்டால், அதுவே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.