ஐஸ் செய்த டாக்டர்

தெர்மல் பேப்பரில் ஏர் ரெஃப்ரிஜிரேஷன் படித்துத் தலை சுற்றிப்போன நண்பர்களே! அதை மெஷினாக்கி 1851-ல் அமெரிக்கப் பேட்டண்ட் வாங்கியவர் இன்ஜினியரே இல்லை. ஜான் கோரி என்ற டாக்டர்.

ஃபுளோரிடாவில் அப்பலாச்சிகோலா துறைமுகம். வெயிலும் காய்ச்சலும் அங்கே வாட்டி எடுத்தன. ஐஸ் போட்ட பாத்திரத்தைக் கூரையில் தொங்கவிட்டு நோயாளிகளின் அறையைக் குளிர்வித்தார் கோரி. குளிர்ந்த காற்று கனம் அல்லவா, தானாகக் கீழே இறங்கும். ஆனா ஐஸ் வடக்கிலிருந்து கப்பலில் வரணும். கப்பல் வரலேன்னா?

தானே செய்யத் துணிந்தார். பிஸ்டன் காற்றை அழுத்தும். சூடேறிய காற்றைத் தண்ணீர் ஆற்றும். பிறகு அதே காற்றை விரியவிட்டால் ஜில்லென்று ஆகிவிடும். ஐஸ் உறைந்தது!

பணம் உறையவில்லை, கரைந்தது. முதல் போட வந்த கூட்டாளி இறந்துபோனார். பத்திரிகைகள் கேலி செய்தன. 1855-ல் கையில் காசில்லாமலே கோரியும் போய்ச் சேர்ந்தார்.

கெட்ட காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பினார், பாவம். கொசு என்பது பின்னால்தான் தெரிந்தது. தியரி தப்பு, மெஷின் கரெக்ட். (நம்ம லேபில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு!)

1914-ல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் வைக்க ஃபுளோரிடா மாநிலம் ஒரு சிலை அனுப்பியது. அது கோரியின் சிலை.