கண்ணாடிப் பட்டறையிலிருந்து விண்மீன்களுக்கு

ஜெர்மானிய நிலப்பகுதியான பவேரியாவில், ஸ்ட்ராபிங் என்னும் ஊரில் 1787 மார்ச் 6-ஆம் நாள் ஜோசப் பிரான்ஹோபர் பிறந்தார். அவர் ஓர் ஏழைக் கண்ணாடித் தொழிலாளியின் பதினோராவது பிள்ளை. பன்னிரண்டு வயது நிறையும் முன்பே தாய் தந்தை இருவரையும் இழந்தார்.

1799-இல் முனிச் நகரில் கண்ணாடி வினைஞர் ஒருவரிடம் கூலியின்றித் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டார். உழைப்பை வாங்கிக்கொண்ட முதலாளி, சிறுவன் நூல்களைத் தொடுவதையும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்குச் செல்வதையும் தடுத்தார். கல்வி மறுக்கப்படுவதன் வலியை நாம் அறிவோம்.

1801 ஜூலை 21 அன்று அந்த வீடு இடிந்து விழுந்தது. இடிபாடுகளிலிருந்து ஜோசப் உயிருடன் மீட்கப்பட்டார். இரக்கங்கொண்ட பவேரிய ஆட்சியாளர் பதினெட்டுப் பொற்காசுகள் அளித்தார். அதைக் கொண்டு அவர் கண்ணாடி தீட்டும் பொறியை வாங்கினார். எஞ்சிய பயிற்சிக் காலத்திலிருந்தும் தம்மை விடுவித்துக்கொண்டார். உட்ஸ்ஷ்னைடர் என்னும் தொழிலதிபர் நூல்கள் தந்து உதவினார். 1806-இல் தம் ஒளியியல் தொழிற்சாலையிலும் வேலை கொடுத்தார்.

அக்காலத் தொலைநோக்கிகளில் விண்மீன்களின் உருவைச் சுற்றி வண்ண விளிம்பு படிந்து தெளிவைக் கெடுத்தது. இருவகைக் கண்ணாடிகளை இணைத்தால் இக்குறை குறையும். ஆனால் ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு நிறத்தை எவ்வளவு வளைக்கிறது என்று துல்லியமாக அளந்தாக வேண்டும். அதற்கு நிலையான அடையாளங்கள் தேவைப்பட்டன. 1814-இல் கதிரவனின் நிறமாலையில் நூற்றுக்கணக்கான கருங்கோடுகளைக் கண்டு, அவற்றையே அளவுக் குறிகளாகக் கொண்டார். அவையே இயற்பியல் நூல்களில் நாம் படிக்கும் பிரான்ஹோபர் வரிகள். கதிரவனில் உள்ள தனிமங்களை அறியவும் அவை பின்னர் வழி திறந்தன.

இத்தகைய மேதையை அறிவியல் கழகத்தில் சேர்க்கலாகாது என்று சில அறிஞர்கள் எதிர்த்தனர். பட்டம் பெறாத பட்டறைத் தொழிலாளி என்பதே அவர்கள் கண்ட குறை! ஆயினும் கழகம் அவரை ஏற்றது.

1824-இல் டோர்பாட் வானாய்வகத்தில் நிறுவப்பட்ட அவருடைய தொலைநோக்கியின் வில்லை 24 சென்டிமீட்டர் அகலமுடையது. வானின் நகர்வுக்கேற்ப அதனைத் திருப்பக் கடிகாரப் பொறியும் அமைத்திருந்தார். காசநோயுற்று 1826 ஜூன் 7 அன்று, தம் முப்பத்தொன்பதாம் வயதில் அவர் மறைந்தார். அவர் பட்டறையில் உருவான கருவியைக் கொண்டே 1838-இல் பெஸ்ஸல் விண்மீன் ஒன்றின் தொலைவை அளந்தறிவித்தார். இன்னொன்றின் வழியே 1846-இல் நெப்டியூன் கோள் கண்டறியப்பட்டது.

இளைஞர்களே! நம்மிடையே பட்டறையிலும் வயலிலும் உழைத்துக்கொண்டே படிக்கத் துடிக்கும் பிள்ளைகள் உள்ளனர். அவர்கள் நூலைத் தேட, வீடு இடிந்து விழும்வரை நாம் காத்திருக்கலாகாது.