நிழற்படச் செல்வர் தீன தயாளர்

மன்னரின் உருவத்தை ஓவியர் நாட்கணக்கில் அமர்ந்து தீட்டிய காலம் ஒன்று உண்டு. அவ்வுருவத்தை ஒளியின் துணையால் நொடிப்பொழுதிற் பதிக்கும் நிழற்படக்கலை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டிற்கு வந்தது. அக்கலையில் பெரும்புகழ் எய்திய இந்தியர் இராசா தீன தயாளர் ஆவார்.

இவர் 1844ஆம் ஆண்டில், மீரத்து நகருக்கு அண்மையிலுள்ள சர்தானா என்னும் ஊரிற் பிறந்தார். ரூர்க்கிப் பொறியியற் கல்லூரியிற் பயின்று, 1866இல் இந்தூர்ப் பொதுப்பணித் துறையில் வரைவாளராக அமர்ந்தார். கட்டடங்களை அளந்து வரைந்து பழகிய அவர்தம் கண், நிழற்படக் கருவியின்பாற் சென்றது. இந்தூர் மன்னர் துக்கோசிராவ் ஓல்கர் அவருக்கு ஊக்கம் அளித்தார்.

அந்நாளில் இக்கலை எளியதன்று. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அதன் ஈரம் உலருமுன் படம் பிடித்து, உடனே இருட்டறையிற் கழுவுதல் வேண்டும். அமர்ந்திருப்பவர் சிறிது அசையினும் உழைப்பு முழுதும் வீணாகும். இத்தகைய தொழிலை நம்பி, நிலையான அரசு ஊதியத்தைத் துறக்க எத்துணைத் துணிவு வேண்டும்! தயாளர் அதனைத் துறந்தார். ஐதராபாத்து நிசாம் மகபூப் அலிகான், அவரைத் தம் அவைக் கலைஞராக்கி, இராசாப் பட்டமும் ஈந்தார். செகந்தராபாத்தில் அவர் அமைத்த நிழற்படக்கூடத்தை மன்னரும் ஆங்கில அதிகாரிகளும் நாடி வந்தனர்.

ஆயினும், திரைமறைவில் வாழ்ந்த உயர்குடி மகளிர் அயல் ஆடவர்முன் தோன்றுவதில்லை. தந்தையும் மைந்தனும் படத்தில் விளங்க, தாயின் உருவம் மட்டும் மறைந்தொழிந்தது. இக்குறையை உணர்ந்த தயாளர், 1892இல் ஐதராபாத்தில் மகளிர்க்கெனத் தனிக்கூடம் ஒன்றை நிறுவினார். உயர்ந்த மதில் சூழ்ந்த அக்கூடத்தின் பொறுப்பை ஆங்கிலப் பெண்மணி ஒருவர் ஏற்றார்; அங்கே படம் எடுத்தவரும் பெண்டிரே. அவர்தம் வழக்கத்தை இகழாமலே, அம்மகளிர் தம் உருவத்தைப் படத்திற் காண வழிசெய்தார் தயாளர்.

1896இல் பம்பாயிலும் அவர்தம் கூடம் தோன்றியது. மறு ஆண்டில் விக்டோரியா அரசியாரின் நிழற்படக் கலைஞர் என்னும் சிறப்பும் அவரை அடைந்தது. அரண்மனைகளைப் படம் பிடித்த அவர், நிசாம் நாட்டில் பஞ்சத்தால் வாடியவர்க்கு நடந்த உதவிப் பணிகளையும் படம் பிடித்தார்.

தயாளர் 1905இல் மறைந்தார். அவர்தம் கண்ணாடித் தகடுகளுள் 2,800க்கும் மேற்பட்டவை, தில்லியிலுள்ள இந்திராகாந்தி தேசியக் கலை மையத்திற் காக்கப்பட்டுள்ளன. 2006இல் இந்திய அஞ்சல்துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. அவர் காலத்து அரசுகள் பல மறைந்தன; அவ்வரசர்தம் முகங்களோ எளிதில் உடையும் கண்ணாடியில் இன்றும் நிலைத்துள்ளன.