பால் ரென்னரும் ஃபியூச்சராவின் தடித்த சாய்வெழுத்தும்

செருமனியின் வெர்னிகெரோடே நகரில் 1878இல் பிறந்த பால் ரென்னர், ஓவியத்திலிருந்து நூல் வடிவமைப்புக்கு வந்தவர். முனைக்கோடற்ற அவரது ஃபியூச்சரா எழுத்துரு 1927இல் வெளிவந்தது. அதனை வெறும் வடிவியல் எனல் பொருந்தாது. தலைப்பெழுத்துகள் உரோமானியக் கல்வெட்டு அளவுகளைத் தழுவியவை. நாட்சிப் பண்பாட்டுக் கொள்கையை எதிர்த்து 1932இல் நூலெழுதிய ரென்னர், மறு ஆண்டே கைதாகி, மியூனிக் அச்சுக்கலைப் பள்ளிப் பொறுப்பையும் இழந்தார். செருமானிய மரபெனப் போற்றிய ஃபிராக்டூர் எழுத்தை 1941இல் அவ்வரசே கைவிட்டது முரணே. ரென்னர் 1956இல் மறைந்தார். அவர் நாடியது நூற்பக்கத்தின் அமைதி. ஃபியூச்சராவின் தடித்த சாய்வடிவமோ சுவரொட்டிக்கு உரியதாயிற்று. கையெழுத்தின் வளைவுகளை ஏற்காது நேரெழுத்தையே சாய்த்தமையால் அதில் விரைவும் அதட்டலும் கூடின. 1980களில் அமெரிக்கக் கலைஞர் பார்பரா குரூகர் அவ்வெழுத்தைச் சிவப்புப் பட்டையில் வெண்ணிறத்தில் பொறித்து, விளம்பரத்தின் குரலாலேயே விளம்பரத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார்.