கோல் வாயிலில் நின்ற நெடியவர்

கினிகத்தேனை ஏற்றத்தைக் கடந்து ஹட்டனை நோக்கிச் செல்வோர் அறிவர்: தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மாலை மூன்று மணிக்கே அங்கு பனிமூட்டம் இறங்கிவிடும். தேயிலைச் சரிவுகளுக்கிடையே மண்ணை வெட்டிச் சமன் செய்த சிறு மைதானத்தில் உதைபந்தாடும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கத்துக் கோல் கம்பத்திலிருந்து பார்த்தால் மறுபக்கத்துக் கம்பம் தெரியாது. அத்தகைய ஆட்டங்களில் கோல் காக்க முன்வருவோர் அரியர். எல்லாருக்கும் பந்தை அடிக்கவே ஆசை. ஆதலால், நெட்டையாக வளர்ந்தவன் எவனோ அவனைப் பிடித்து நிறுத்திவிட்டு மற்றவர் ஓடிவிடுவர்.

ஆசியாக் கண்டத்தின் தலைசிறந்த கோல் காப்பாளர் எனப் பெயர் பெற்ற பீற்றர் தங்கராஜும் ஏறக்குறைய அப்படித்தான் அந்த இடத்திற்கு வந்து சேர்ந்தார். அவரும் முதலில் பந்தை அடிக்க விரும்பியவரே.

தங்கராஜ் 1935ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் அன்றைய ஐதராபாத் சமஸ்தானத்தில் பிறந்தார். ஐதராபாத்தை அடுத்த செகந்திராபாத் படைவீடாக வளர்ந்த நகரம். சென்னைப் படையணிகளோடும் அவற்றைச் சார்ந்த தொழில்களோடும் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வேரூன்றின. பின்னாளில் தங்கராஜோடு ஒரே அணியில் ஆடிப் புகழ்பெற்ற துளசிதாஸ் பலராமும் அந்த மண்ணில் பிறந்த தமிழரே. அக்காலத்து ஐதராபாத்தில் உதைபந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கு அன்று. சையது அப்துல் ரகீம் என்னும் ஆசிரியர் பயிற்றுவித்த ஐதராபாத் நகரப் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் இடைவிடாது பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. ரகீமின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நன்று. இக்கதையின் நடுப்பகுதியை நடத்துபவர் அவரே.

செகந்திராபாத்தின் மோர்னிங் ஸ்டார், பிரண்ட்ஸ் யூனியன் ஆகிய சிறு கழகங்களில் ஆடத் தொடங்கிய தங்கராஜ், பின்னர் இராணுவத்தில் சேர்ந்து மதராஸ் படைப்பிரிவின் பயிற்சி நிலையத்திற்குச் சென்றார். நீலகிரியில் குன்னூருக்கு அருகே வெலிங்டனில் உள்ளது அந்நிலையம். சுற்றிலும் தேயிலை, நம் மலைநாட்டைப் போலவே மழையும் பனியும். 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நம்மிடையேயிருந்து கப்பலேறிப் போன குடும்பங்கள் பல அதே நீலகிரியில்தான் குடியேறின. அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே தமிழக அரசு 1968இல் அங்கே தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் உறவினர் உள்ள வாசகருக்கு அந்த மலைகளைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நடுமுன்கள ஆட்டக்காரராகச் சேர்ந்தவரைப் படையில் கோல் காப்பாளராக மாற்றினர். ஆறடியைக் கடந்த உயரமும் நீண்ட கைகளும் அவருக்கு இருந்தன. அவற்றைக் கண்டவர்க்கு வேறு எண்ணம் எப்படித் தோன்றும்? ஆயினும் அம்மாற்றம் எளிதன்று. முன்களத்தில் நிற்பவன் பத்து முறை தவறி ஒரு முறை வென்றால் வீரனாவான். கோல் காப்பவனோ பத்து முறை காத்து ஒரு முறை தவறினால் பழிக்கு ஆளாவான். முதல் வாழ்க்கையில் பழகிய ஒருவனை இரண்டாவது வாழ்க்கைக்கு அனுப்புவது ஒருவகையில் தண்டனையே. தங்கராஜ் அதனை ஏற்றார். ஏற்றதோடு நில்லாது சில ஆண்டுகளிலேயே அதில் நாட்டின் முதல்வரானார்.

1888இல் வெள்ளையர் சிம்லாவில் தொடங்கிய டுராண்ட் கிண்ணப் போட்டியை மதராஸ் படைப்பிரிவு நிலையம் 1955இல் வென்றது. விடுதலைக்குப் பின் அக்கிண்ணத்தை வென்ற முதல் இராணுவ அணி அதுவே. 1958இல் மீண்டும் வென்றது. இடையில் 1955ஆம் ஆண்டிலேயே தங்கராஜுக்கு இந்திய அணியில் இடம் கிடைத்தது. அவர் முதன்முதலில் நாட்டுக்காக ஆடியது டாக்காவில் நடந்த நாற்கோணப் போட்டியில். இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் ஆடிய அப்போட்டி 1952இல் நம் தலைநகரில் தொடங்கியமையால் கொழும்புக் கிண்ணம் என்றே பெயர் பெற்றிருந்தது.

அவ்வாண்டுகளின் இந்திய உதைபந்தாட்டத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், தங்கராஜ் வருவதற்கு மூன்றாண்டு முன்னர் ஹெல்சிங்கியில் நிகழ்ந்ததை நினைக்க வேண்டும். 1952 ஒலிம்பிக்கில் இந்திய வீரருட் பெரும்பாலோர் வெறுங்காலுடன் இறங்கி, யூகோஸ்லாவியாவிடம் ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கில் தோற்றனர். அவ்வொலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவின் கோலைக் காத்தவர் விளாதிமிர் பேரா. குரோஷியாவின் டல்மேசியப் பகுதியில் பிறந்தவர்; அதே ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியின் புஸ்காஸ் அடித்த தண்டனை உதையைத் தடுத்தவர். ஸ்பிளிட் நகரின் ஹைடுக் கழகத்தில் தொடங்கி, பெல்கிரேட்டுக்கும், பின்னர் மேற்கு ஜெர்மனிக்கும் சென்று ஆடி, முதுமை நெருங்கும் காலத்தில் ஆபிரிக்காவின் கமரூனில் பயிற்சியாளராகவும் இருந்தவர். கோல் காப்பாளரின் தொழில் ஓரிடத்தில் நிற்பது. அவர்தம் வாழ்க்கையோ ஊர் ஊராய் அலைவது போலும்! தங்கராஜின் வாழ்வும் அவ்வாறே அமைந்தது.

ஹெல்சிங்கித் தோல்விக்குப் பின் இந்திய வீரர் காலணி அணிவது கட்டாயமாயிற்று. நான்காண்டு கழித்து, 1956இல், ரகீமின் பயிற்சியில் மெல்பேர்ணுக்குச் சென்ற அணியில் எஸ்.எஸ். நாராயண், தங்கராஜ் ஆகிய இருவரும் கோல் காப்பாளர்களாக இருந்தனர். ஹங்கேரி விலகிக்கொண்டதால் இந்தியா நேரே கால் இறுதிக்குச் சென்றது. நெவில் டிசூசாவின் மூன்று கோல்களுடன் அவுஸ்திரேலியாவை 4 - 2 என வென்றது. அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவிடம் 4 - 1 எனத் தோற்றது. முடிவில் நான்காமிடம். நான்காமிடம் என்பது பதக்கமற்ற இடந்தான். ஆனால் அதற்கு முன்னரோ பின்னரோ ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இந்தியா அவ்வளவு உயரம் சென்றதில்லை.

1958 டோக்கியோ ஆசிய விளையாட்டிலும் நான்காமிடமே. எனினும் அவ்வாண்டில் ஆசியாவின் மிகச் சிறந்த கோல் காப்பாளர் எனத் தங்கராஜ் தெரிவு செய்யப்பெற்றார். 1960இல் சேர்விசஸ் அணிக்குத் தலைமை தாங்கிச் சந்தோஷ் கிண்ணத்தை வென்று கொடுத்தார். அதே ஆண்டு ரோம் ஒலிம்பிக். ஹங்கேரியிடம் 2 - 1 எனத் தோற்றபோது அவருக்கு எதிரே நின்றவர்களுள் ஒருவர், பத்தொன்பது வயதைக்கூட நிறைவு செய்யாத புளோரியன் ஆல்பேர்ட். பிரான்சுடன் 1 - 1 எனச் சமநிலை. பெருவிடம் தோல்வி. வெற்றி ஒன்றும் இல்லை. ஆயினும் ஐரோப்பியர் இந்திய அணியை எளிதாகக் கடந்து செல்லவில்லை. அந்த ஆல்பேர்ட் 1967இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தினைப் பெற்றார். தங்கராஜுக்கு இந்திய அரசின் அர்ஜுனா விருது கிடைத்ததும் அதே 1967இல்தான்.

இனி 1962இற்கு வருவோம்.

ஜகார்த்தாவில் அவ்வாண்டு நடந்த நான்காவது ஆசிய விளையாட்டு அரசியலால் கலங்கியது. இஸ்ரேலுக்கும் தாய்வானுக்கும் இந்தோனேசியா நுழைவு மறுத்ததை இந்தியரான ஜி.டி. சோந்தி என்னும் ஒலிம்பிக் குழு உறுப்பினர் வெளிப்படையாகக் கண்டித்தார். ஜகார்த்தா மக்களின் சினம் இந்தியர்மீது திரும்பியது; இந்தியத் தூதரகமும் தாக்கப்பட்டது. இந்திய வீரர் மைதானத்தில் இறங்கியபோதெல்லாம் கூட்டம் இரைந்தது.

அணியின் நிலையும் நன்றாக இல்லை. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2 - 0 எனத் தோல்வி. தாய்லாந்துக்கு எதிரான வெற்றியில் பின்கள வீரர் ஜர்னெயில் சிங்கின் தலை பிளந்து ஆறு தையல் போட நேர்ந்தது. தங்கராஜ் காய்ச்சலில் படுத்தார். அவருக்குப் பதிலாகப் பிரத்யோத் பர்மன் கோலைக் காத்தார். ஜப்பானை வென்று, அரையிறுதியில் தென் வியட்நாமை 3 - 2 எனக் கடந்து, அணி இறுதிக்கு வந்துவிட்டது. எதிரே மீண்டும் தென் கொரியா.

செப்டம்பர் 4ஆம் நாளுக்கு முன் ரகீம் செய்ய வேண்டியிருந்த முடிவை எண்ணிப் பாருங்கள். காப்பாளராய் நின்று அணியை இறுதிவரை கொண்டுவந்த பர்மனை வைத்திருப்பதே நியாயம். அவர்மீது குற்றம் ஏதும் இல்லை. ஆனால் கொரியர் பந்தை உயர்த்தி அடித்துத் தலையால் முட்டி ஆடுவதில் வல்லவர். உயரப் பந்தைக் கையால் பறிக்க நெடிய மனிதர் வேண்டும். பெரிய ஆட்டங்களில் பழகிய நெஞ்சமும் வேண்டும். காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜையே ரகீம் நிறுத்தினார். தலையில் கட்டோடிருந்த ஜர்னெயில் சிங்கையோ பின்களத்திலிருந்து எடுத்து முன்களத்தில் விட்டார்.

பர்மனின் பக்கத்தில் நின்று பார்த்தால் இது கொடிது. பயிற்சியாளரின் பக்கத்தில் நின்றால் இதுவன்றி வேறு வழியில்லை. தங்கராஜின் பக்கத்திலிருந்து பார்க்க நாம் முயல்வதே குறைவு. நோயுற்ற உடலோடு, தமக்காக இடம் விட்டு ஒதுங்கிய தோழர் ஓரத்தில் அமர்ந்திருக்க, இலட்சம் பேரின் இரைச்சலுக்கு நடுவே அவர் தனியே நின்றார். அன்று ஒரு பந்து கைதவறியிருந்தால், பழி அவரோடு மட்டும் நின்றிராது. அவரை நம்பிய ஆசானையும் சேர்ந்திருக்கும். அந்த ஆசானையோ புற்றுநோய் உள்ளூர அரித்துக்கொண்டிருந்தது.

பதினேழாவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். மூன்று நிமிடம் கழித்து ஜர்னெயில் சிங் இரண்டாவதை அடித்தார். ரகீமின் ஒரு துணிவு பலித்துவிட்டது. மற்றொன்று பலிக்க இன்னும் எழுபது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. கொரியர் ஓயவில்லை. பார்வையாளரிடையே இந்தியாவுக்குக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தானின் ஹொக்கி வீரர்கள் என்பது பலரும் நினைவுகூரும் செய்தி. முதல்நாள் ஹொக்கி இறுதியில் இந்தியாவையே வென்றவர்கள் அவர்கள்! எண்பத்தைந்தாவது நிமிடத்தில் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. எஞ்சிய ஐந்து நிமிடங்களில் இரண்டாவது கோல் விழவில்லை. ஆசியாவின் தங்கம் இந்தியாவுக்கு வந்தது.

மறு ஆண்டு ஜூன் மாதம் ரகீம் காலமானார். 1970இல் பாங்கொக்கில் ஒரு வெண்கலம் கிடைத்தது உண்டு. தங்கத்தை எடுத்துக்கொண்டால், 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு வரை இந்திய உதைபந்தாட்ட அணி அதனை மீண்டும் தொடவில்லை.

இராணுவத்திலிருந்து தங்கராஜ் சென்றது கல்கத்தாவுக்கு. அங்கே உதைபந்தாட்டம் ஒரு சமயம் போன்றது. அதற்கு மூன்று திருச்சபைகள். 1911இல் வெறுங்காலோடு வெள்ளைப் பட்டாளத்து அணியை வென்ற மோகன் பகான்; 1934இல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகமான முகம்மதன் ஸ்போர்ட்டிங்; கிழக்கு வங்காளத்தவரின் பெருமையான ஈஸ்ட் பெங்கால். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இல்சா மீனும் மோகன் பகான் வென்றால் இறாலும் சந்தையில் விலையேறும் என்பர். ஒரு கழகத்தில் ஆடியவர் மற்றதற்குப் போவது அங்கு மதம் மாறுவதற்கு ஒப்பாகும். தங்கராஜோ மூன்றிலும் ஆடினார். முதலில் முகம்மதன், அடுத்து மோகன் பகான், பின்னர் 1965 முதல் ஈஸ்ட் பெங்கால். தமிழ்ப் பெயர் கொண்ட கிறிஸ்தவர், ஐதராபாத்தில் பிறந்தவர், வங்காளத்தின் எந்தப் பகுதியையும் சேராதவர் என்பதால் மக்கள் அவரைப் பொறுத்தனர் போலும். கோல் காப்பவர் எந்தச் சட்டை அணிந்தாலும் அவர் நிற்கும் இடம் ஒன்றே என்றும் சொல்லலாம்.

கல்கத்தாவின் லீக் ஆட்டங்கள் மழைக்காலத்தில் நடப்பவை. அந்நாளைய தோற்பந்து நீரைக் குடித்துக் கல்லாகக் கனக்கும். சேற்றில் வழுக்கி வரும் அப்பந்தைப் பிடிக்க இன்றுள்ள கையுறைகள் அன்று இல்லை. வெலிங்டனின் மழையில் கைகள் பழகியிருந்தமை அவருக்கு உதவியிருக்கக்கூடும். ஈஸ்ட் பெங்காலில் அவர் இருந்த ஆண்டுகளில் அக்கழகம் 1966இலும் 1970இலும் லீக்கை வென்றது. 1970இல் ஐ.எப்.ஏ. கேடய இறுதியில் தெகிரானின் பாஸ் கழகத்தையும் தோற்கடித்தது. இடையில் 1966 பாங்கொக் ஆசிய விளையாட்டுக்கும் அவர் சென்றார்; அங்கே இந்திய அணி முதற்சுற்றைக்கூடக் கடக்கவில்லை. ஆசிய நட்சத்திர அணியில் இரு முறை இடம் பெற்றார்.

1970களின் தொடக்கத்தில் பெரிய ஆட்டங்களிலிருந்து ஓய்ந்த தங்கராஜ், பிறந்த ஐதராபாத்துக்கும் செல்லவில்லை, சென்னைக்கும் வரவில்லை. உருக்காலையைச் சுற்றி எழுந்த பொக்காரோ நகரம் அவரது கடைசி இருப்பிடமாயிற்று. நிலக்கரியும் இரும்பும் சூழ்ந்த அவ்வூரில், அரசின் உருக்காலை நடத்திய உதைபந்தாட்டப் பயிற்சியில் இளைஞருக்கு ஆட்டம் கற்பித்து வந்தார். தெலுங்கு நாட்டில் பிறந்து, நீலகிரியில் காப்பாளராகி, வங்காளத்தில் புகழீட்டிய தமிழர் ஒருவர் இந்தி பேசும் பிள்ளைகளைக் கோல் கம்பங்களுக்கிடையே நிறுத்திக் கைகளை எப்படி விரிப்பது எனச் சொல்லிக்கொடுத்தார்.

2008ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் பொக்காரோவில் அவர் காலமானார். எழுபத்து மூன்று வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.